கெஞ்சலுக்கும் மிரட்டலுக்கும் நடுவில்: இளம்பெண்களின் உணவுக் கோளாறும் குடும்பமும்

இரவு எட்டரை மணி. தட்டில் மூன்று இட்லி. மகள் முதல் இட்லியை நகத்தளவு துணுக்குகளாகப் பிட்டுத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறாள். தேங்காய்ச் சட்னி பக்கம் விரல் போகவில்லை. மிளகாய்ப் பொடிக்கு எண்ணெய் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டாள். இருபது நிமிடம் கழித்தும் இரண்டரை இட்லி அப்படியே கிடக்கிறது. “காலேஜ்ல ஃப்ரெண்டுக்கு பர்த்டேம்மா, கேக் சாப்பிட்டேன், வயிறு ஃபுல்லா இருக்கு.” அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துப் பிசைந்து, “என் தங்கம்ல, எனக்காக இந்த ஒரு வாய் மட்டும்” என்கிறார். இரண்டு நாள் அது பலிக்கிறது. மூன்றாம் நாள் அப்பாவுக்குப் பொறுமை போய்விடுகிறது. “நாளைலேருந்து காலேஜும் கிடையாது, போனும் கிடையாது. சாப்பிட்டு முடிச்சிட்டுதான் எந்திரிக்கணும்.” மகள் எழுந்துபோய் அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொள்கிறாள்.

பாரிஸ் மருத்துவர் சார்லஸ் லசேக் இந்த நோயைப் பற்றி 1873-ல் எழுதினார். வீட்டாரிடம் இருப்பவை இரண்டே வழிகள், கெஞ்சுவதும் மிரட்டுவதும். இரண்டையும் தீரத் தீரப் பயன்படுத்திப் பார்த்துவிடுகிறார்கள் என்று அப்போதே குறித்துவைத்திருக்கிறார். இன்றும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். இரண்டும் ஏன் பலிப்பதில்லை, அவற்றுக்குப் பதிலாக வீட்டில் என்ன செய்யலாம் என்பதை இந்தக் கட்டுரை அடிப்படையிலிருந்து விளக்குகிறது.

எங்கே டயட் முடிகிறது, எங்கே கோளாறு தொடங்குகிறது

எடை குறைக்க நினைக்கும் பெண்கள் எல்லோருக்கும் நோய் வந்துவிடுவதில்லை. வேளைச் சாப்பாட்டைத் தவிர்ப்பது, சோறு, எண்ணெய் என்று வகை வகையாக விலக்குவது, ஒருநாள் அதிகம் சாப்பிட்டதற்கு மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்டுவது, சாப்பிட்டதை எண்ணி எண்ணிக் குற்ற உணர்வில் புழுங்குவது போன்றவற்றை ஒழுங்கு குலைந்த உணவுப் பழக்கம் எனலாம். இது தீவிரமாகி, உடல்நலத்தையும் படிப்பையும் உறவுகளையும் சேர்த்து அரிக்கத் தொடங்கும்போது உணவுக் கோளாறு என்ற நோயாகிறது.

அதில் மூன்று வகைகளை அறிந்துகொண்டால் தொடக்கத்துக்குப் போதும். அனோரெக்ஸியாவில் உணவு சுருங்கிக்கொண்டே போகும், எடை இறங்கும், அப்படியும் குண்டாகிவிடுவோம் என்ற பயம் விடாது. புலிமியாவில் கட்டுப்பாடில்லாமல் மிக அதிகம் சாப்பிடுவதும், பிறகு வாந்தி, பட்டினி, அளவுகடந்த உடற்பயிற்சி என்று அதை ஈடுகட்ட முயல்வதும் மாறி மாறி நடக்கும். வாரம் ஒருமுறையாவது இப்படி நடந்து மூன்று மாதம் நீடித்தால் மருத்துவர்கள் அதைப் புலிமியா என்கிறார்கள். லண்டன் மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல் இதைத் தனி நோயாக விவரித்தது 1979-ல்தான். மூன்றாவது வகையில் கட்டுமீறிச் சாப்பிடுவது மட்டும் இருக்கும், ஈடுகட்டும் முயற்சி இருக்காது.

உணவுக் கோளாறு உள்ள பெண் எலும்பும் தோலுமாகத்தான் இருப்பாள் என்று பலரும் நினைக்கிறார்கள். தாமதத்துக்குப் பெரிய காரணம் இந்த நினைப்புதான். புலிமியா உள்ளவர்களில் மிகப் பலர் சராசரி உடல்வாகுடன்தான் இருப்பார்கள். பருமனாக இருந்தவர் சில மாதங்களில் வேகமாக இளைத்தால் பார்வைக்கு இயல்பாகத் தெரிவார். உள்ளே இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கலாம். அந்த நேரத்தில் சொந்தக்காரர்கள் அவளைப் பாராட்டிக்கொண்டிருப்பார்கள்.

வீட்டில் கண்ணில் படும் அறிகுறிகளும் உண்டு. வீட்டாருக்கு விதவிதமாகச் சமைத்துப் பரிமாறுவாள், தான் உட்காரமாட்டாள். சமையல் வீடியோக்களை மணிக்கணக்கில் பார்ப்பாள். சாப்பிட்டு முடித்த கையோடு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள். கன்னத்தின் கீழ்ப்பகுதி வீங்கியிருக்கும், பல் கூசும், விரல் மூட்டுகளில் தழும்பு தெரியும். கோடையிலும் குளிர்கிறது என்பாள். தலைமுடி கொத்தாக உதிரும். மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுபோகும். ஒரு விசேஷத்துக்குப் போக வேண்டும் என்றால் அங்கே என்ன சாப்பாடு என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

நம் வீடுகளில் விரதமும் நோய்க்கு ஒரு திரையாகிவிடுகிறது. வெள்ளிக்கிழமை மட்டும் இருந்த விரதம் சனிக்கும் நீள்கிறது, அதனுடன் ஏகாதசியும் சஷ்டியும் சேர்ந்துகொள்கின்றன. பக்தி என்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. விரதம் முடித்து இலை முன் உட்காரும்போது கவனியுங்கள். பக்தியில் இருந்தவர் பசியோடும் மகிழ்ச்சியோடும் சாப்பிடுவார். நோயில் இருப்பவருக்குப் பாரணைதான் பயமான வேளை.

குடும்பம்தான் காரணமா?

சிகிச்சைக்கு வரும் பெற்றோர் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் மனத்தில் சுமந்துவரும் கேள்வி இது. மருத்துவ உலகம் நூறு ஆண்டுக்கு மேல் “ஆம்” என்றே பதில் சொல்லிவந்தது. அனோரெக்ஸியா நெர்வோசா என்று நோய்க்குப் பெயர் சூட்டிய லண்டன் மருத்துவர் வில்லியம் கல், இத்தகைய நோயாளியைக் கவனித்துக்கொள்ளச் சற்றும் தகாதவர்கள் உறவினர்களும் நண்பர்களுமே என்று கருதினார். பிரான்சில் ழான் மார்ட்டின் ஷார்கோ, பெண்ணைப் பெற்றோரிடமிருந்து முழுதாகப் பிரித்துவைப்பதையே சிகிச்சையின் மையமாக்கினார். 1978-ல் ஃபிலடெல்ஃபியாவில் சால்வடோர் மினுச்சினும் உடன் பணியாற்றியவர்களும், ஒருவருக்குள் ஒருவர் சிக்கிக் கிடப்பது, அளவுமீறிய பாதுகாப்பு, வளைந்துகொடுக்காமை, சண்டையைத் தீர்க்காமல் மூடிவைப்பது ஆகியவை இந்தக் குடும்பங்களின் குணங்கள் என்றனர்.

பின்னர் வந்த ஆய்வுகளில் இந்தக் கருத்து நிலைக்கவில்லை. அப்படிப்பட்ட ஒரே ‘மாதிரிக் குடும்பம்’ எங்கும் காணப்படவில்லை. மூடிமறைப்பும் இறுக்கமும் பதற்றமும் பெரும்பாலும் நோயின் விளைவாக வருகின்றன. மகள் கண்ணெதிரே இளைத்துக்கொண்டிருக்கும் வீட்டில் யார்தான் நிதானமாக இருக்க முடியும்? இரட்டையர் ஆய்வுகள் மரபுக்குக் கணிசமான பங்கு இருப்பதைக் காட்டின. ஏறக்குறைய 17,000 அனோரெக்ஸியா நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்த 2019-ஆம் ஆண்டு ஆய்வு இந்த நோயோடு தொடர்புடைய எட்டு மரபிடங்களை (மரபணுத் தொகுப்பில் உள்ள இடங்களை) அடையாளம் கண்டது. மனநோய்களோடு மட்டுமன்றி உடலின் வளர்சிதை மாற்றத்தோடும் இந்த நோய்க்கு மரபுத் தொடர்பு இருப்பது அதில் தெரிந்தது. அதற்கு முன்பே, 2010-ல், உணவுக் கோளாறு நிபுணர்களின் சர்வதேச அமைப்பான அகாடமி ஃபார் ஈட்டிங் டிஸார்டர்ஸ், குடும்பத்தை முதற்காரணம் என்று பழிப்பதை ஏற்க முடியாது என எழுத்தில் அறிவித்துவிட்டது.

ஆகவே, அம்மா வளர்த்த விதத்தால் வந்தது, அப்பா கண்டிப்பால் வந்தது என்று யார் சொன்னாலும் அதைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். குற்ற உணர்வில் அமிழ்ந்த பெற்றோரால் மேசையில் உறுதியாக உட்கார முடியாது. அந்த உறுதிதான் மகளுக்கு இப்போது தேவை.

ஆனால் ‘காரணமில்லை’ என்றால் ‘பங்கே இல்லை’ என்று பொருளாகாது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டயான் நியூமார்க்-ஸ்டைனர் குழு 1998-ல் தொடங்கிய நெடுநாள் ஆய்வில் வீட்டுப் பேச்சின் தடம் தெளிவாகப் பதிவானது. எடையை வைத்து வீட்டார் கேலி செய்த பிள்ளைகளிடம் கட்டுமீறிய உண்ணுதலும் தீவிர எடைக்குறைப்பு முயற்சிகளும் கூடுதலாக இருந்தன. பெற்றோர் ‘எடை’யைப் பேசிய வீடுகளில் ஒழுங்கு குலைந்த உணவுப் பழக்கம் அதிகம், எடையை விட்டுவிட்டுச் சத்தான உணவைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளில் குறைவு. வாரம் ஐந்து முறையாவது குடும்பத்தோடு சேர்ந்து சாப்பிட்ட பெண்களிடம் ஐந்து ஆண்டு கழித்துத் தீவிர எடைக்குறைப்பு முயற்சிகள் குறைவாக இருந்தன. இவை தொடர்புகள்தான், ‘இதனால்தான் இது’ என்ற நிரூபணம் அல்ல. இருந்தாலும் ஒரு தாய் தன் தட்டில் அரைக் கரண்டி சோறு போட்டுக்கொண்டு “நான்லாம் இந்த வயசுல இப்படி ஊதிட்டேன்” என்று தினமும் சொல்வதைப் பதினாறு வயது மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதை நினைவில் வைக்க இந்த அளவு சான்று போதும்.

பட்டினி மூளையை என்ன செய்கிறது

“புத்திசாலிப் பொண்ணு, சொன்னா புரியாதா?” என்று பெற்றோர் தவிக்கும் இடம் இது. 1944-ன் கடைசியில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினிச் சோதனை அதற்கு விடை சொல்கிறது. உடலும் மனமும் நலமாக இருந்த 36 இளைஞர்கள், எல்லோரும் ஆண்கள், எடை குறைக்கும் ஆசை எவருக்கும் கிடையாது. இருபத்துநான்கு வாரம் அவர்களுக்கு வழக்கத்தில் ஏறக்குறையப் பாதி உணவே தரப்பட்டது. உடல் எடையில் கால்வாசி அளவுக்கு இழந்தார்கள்.

எடையோடு அவர்களின் குணமும் மாறியது. உணவைத் தவிர வேறு நினைப்பே இல்லை. சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டைத் துணுக்குத் துணுக்காக்கி மணிக்கணக்கில் நீட்டினார்கள். எரிச்சல், சோர்வு, தனிமை கூடின. மீண்டும் வயிறார உணவு கிடைத்த பிறகும் சிலர் மாதக்கணக்கில் அடங்காமல் தின்றார்கள்.

முதல் பத்தியில் இட்லியைப் பிட்டு ஒதுக்கிய விரல்களை நினைத்துப் பாருங்கள். அது பிடிவாதமோ நடிப்போ அல்ல. பட்டினி கிடக்கும் மனித மூளை செய்யும் வேலை. உடல் மீளாமல் சிந்தனை மீளாது. அதனால்தான் “முதல்ல கவுன்சிலிங் போகட்டும், மனசு சரியானா தானா சாப்பிடுவா” என்று அனோரெக்ஸியாவில் காத்திருக்கக் கூடாது. சாப்பாடுதான் முதல் மருந்து, பேச்சு அதன் பின்னால்தான்.

கெஞ்சலும் மிரட்டலும் பலிக்காத காரணமும் இதிலேயே இருக்கிறது. தட்டைப் பார்த்ததும் அவளுக்கு எழுவது, நமக்குப் படமெடுத்த பாம்பைக் கண்டால் எழுவது போன்ற பயம். கெஞ்சும்போது பேரம் தொடங்குகிறது: மூன்று இட்லி இரண்டாகி, ஒன்றாகி, அரையாகிறது. ஒவ்வொரு பேரத்திலும் நோய் ஒரு படி ஏறுகிறது. மிரட்டும்போது பயத்தின் மேல் இன்னொரு பயமும் வெட்கமும் ஏறி, அடுத்த வேளை ஒளிவுமறைவாகிறது. குறைசொல்லும் பேச்சு நிறைந்த வீடுகளில் சிகிச்சை பாதியில் நிற்பதும் பலன் குறைவதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கின்றன.

லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஜேனட் டிரெஷர் பெற்றோருக்கு இதை விளக்க விலங்குகளைத் துணைக்கு அழைத்தார். எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றப் பைக்குள் வைத்துக்கொள்பவர் கங்காரு. வாதத்தால் முட்டித் தள்ளுபவர் காண்டாமிருகம். பார்க்காததுபோல் இருப்பவர் நெருப்புக்கோழி. தன் துக்கத்திலேயே கரைந்துவிடுபவர் ஜெல்லி மீன். கூடவே நீந்தி, தேவைப்படும்போது மட்டும் முட்டுக்கொடுக்கும் டால்ஃபினாக இருக்கச் சொன்னார். நம் வீடுகளில் அப்பா காண்டாமிருகமாகவும் அதை ஈடுகட்ட அம்மா கங்காருவாகவும் ஆகிவிடுகிறார்கள், ஒருவர் எவ்வளவு இறுக்குகிறாரோ மற்றவர் அவ்வளவு தளர்த்துகிறார். அந்த இடைவெளி வழியாகத்தான் நோய் தப்புகிறது.

மருத்துவமனை முதலில்

வீட்டில் எதையும் தொடங்கும் முன் ஒரு மருத்துவர் உடலைப் பார்த்தாக வேண்டும். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும், உடல் வெப்பம், ஈசிஜி, ரத்தத்தில் சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம்: இவ்வளவும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனை சரியாக இருப்பதால் ஆபத்தில்லை என்று ஆகிவிடாது. உடல் கடைசிவரை தாக்குப்பிடித்துவிட்டு ஒரே நாளில் சரியும்.

மயக்கம், நெஞ்சுவலி, பகலில் ஓய்வாக இருக்கும்போதே துடிப்பு நிமிடத்துக்கு 50-க்குக் கீழ், எழுந்து நின்றதும் துடிப்பு படுத்திருந்தபோது இருந்ததைவிட 30-க்கு மேல் எகிறுவது, மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழ், உடல் வெப்பம் 35.6 டிகிரி செல்சியஸுக்குக் கீழ், ஒரு நாள் முழுக்க உணவும் நீரும் மறுப்பது, செத்துப்போகலாம் என்ற பேச்சு: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொரு ஆபத்து நல்ல எண்ணத்தால் வருவது. ஐந்து நாளுக்கு மேல் கிட்டத்தட்ட ஒன்றுமே சாப்பிடாதவருக்கும் மிக வேகமாக இளைத்தவருக்கும் திடீரென்று நிறைய ஊட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமும் மூச்சும் பாதிக்கப்படலாம். அவர்களுக்கு முதல் வாரம் எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதை மருத்துவரே முடிவு செய்து ரத்தத்தை அடிக்கடி சோதிக்க வேண்டும்.

மாதவிடாய் நின்றதற்கு மட்டும் மாத்திரை வாங்கித் திரும்புவதும் அடிக்கடி நடக்கும் தவறு. மாத்திரையால் வரும் உதிரப்போக்கு உடல் தேறியதற்கு அடையாளமல்ல. எலும்பு தேய்வதை அது தடுப்பதில்லை, நோயை மறைத்துவிடுகிறது. பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருப்பதாகச் சொல்லி எடையைக் குறைக்கச் சொன்ன மருத்துவரிடம், மகள் சாப்பாட்டைத் தவிர்ப்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் இந்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மானஸை 14416 என்ற இலவச எண்ணில் அழைத்து தமிழிலேயே பேசலாம்.

மேசையில் என்ன செய்வது

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பம் சார்ந்த சிகிச்சையின் முதல் ஆய்வு முடிவுகள் 1987-ல் வந்தன. 19 வயதுக்குள் நோய் தொடங்கி மூன்று ஆண்டுக்குள் சிகிச்சைக்கு வந்தவர்களுக்கு, தனிநபர் சிகிச்சையைவிட இது அதிகம் பலித்தது. அமெரிக்காவில் 121 பேரிடம் நடந்து 2010-ல் வெளிவந்த ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்து முழுதாகத் தேறியிருந்தவர்கள் குடும்பச் சிகிச்சையில் 49 சதவீதம், தனிநபர் சிகிச்சையில் 23 சதவீதம். பெற்றோரைப் பிரித்துவைத்த காலம்போய், அவர்களே சிகிச்சையின் கைகளானார்கள். வழக்கமாக ஓராண்டுக்குள் இருபது அமர்வுகள், மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் எதை, எவ்வளவு, எப்போது சாப்பிடுவது என்பது முழுக்கப் பெற்றோர் பொறுப்பு. காய்ச்சல் வந்த பிள்ளையிடம் மருந்து வேண்டுமா என்று கேட்பதில்லை அல்லவா, அதே மாதிரிதான்.

நடைமுறையில் இப்படி அமையும். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு அல்லது மூன்று சிற்றுண்டி. இரண்டுக்கும் நடுவே மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடுவதில்லை. தட்டில் போடுவது அம்மா அல்லது அப்பா. மகள் அந்த நேரத்தில் சமையலறைக்குள் வருவதில்லை. சாப்பாட்டுக்கு அரைமணி முதல் நாற்பது நிமிடம், சிற்றுண்டிக்குக் கால்மணி. பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். எல்லோரும் சாப்பிட்ட பிறகு அம்மா தனியே சாப்பிடும் வழக்கத்தை இந்தக் காலத்துக்காவது மாற்றியாக வேண்டும். சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் சேர்ந்தே இருங்கள். தாயம், சீரியல், துணி மடிப்பது, எதுவானாலும் சரி. கழிவறைக்குச் சாப்பிடும் முன்பே போய்வரட்டும்.

பட்டினியில் வயிறு மெதுவாகத்தான் காலியாகும் என்பதால், உப்புசம் என்று அவள் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆகவே அளவைப் பெருக்காமல் அடர்த்தியைக் கூட்டுங்கள். இட்லிப் பொடிக்கு இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய், பருப்புச் சாதத்தில் நெய், மோருக்குப் பதில் கெட்டித் தயிர், கொழுப்பு நீக்காத பால் ஒரு டம்ளர், நான்கு மணிக்கு நிலக்கடலை உருண்டை அல்லது முந்திரி சேர்த்த பாயசம். ரசம், சூப், வெள்ளரிக்காய் எல்லாம் வயிற்றை அடைக்கும், சக்தி தராது. நெய்யை ஒளித்துக் கலக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால் அதன்பின் எந்தத் தட்டையும் நம்பமாட்டாள். “நெய் விட்டிருக்கேன், உன் உடம்புக்கு இப்ப இது வேணும்” என்று நேராகச் சொல்வதே நல்லது.

வாரம் ஒருமுறை மருத்துவரிடம், ஒரே நேரத்தில், ஒரே கருவியில் எடை பார்க்க வேண்டும். வீட்டுக் கருவியை அகற்றிவிடுங்கள். வீட்டில் இருந்து தேறுபவருக்கு வாரம் அரைக் கிலோ நல்ல வேகம். குடும்பச் சிகிச்சையின் முதல் நான்கு வாரத்தில் 2.3 கிலோ அளவுக்கு ஏறினால் முழுமையாகத் தேறும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஏறவில்லை என்றால் மகளைக் குறைசொல்வதில் பயனில்லை. தட்டின் அடர்த்தியையோ மேற்பார்வையையோ கூட்ட வேண்டும், மருத்துவரிடமும் பேச வேண்டும்.

முதல் காட்சிக்குத் திரும்புவோம். அதே மூன்று இட்லி.

“வயிறு ஃபுல்லா இருக்கும்மா.”

“வயிறு உப்பின மாதிரி இருக்கும், தெரியுதுடா. இதுதான் இன்னைக்கு ராத்திரிச் சாப்பாடு.”

“குண்டாகிடுவேன். நீ வேணும்னே பண்ற.”

“பயமா இருக்குல்ல. நான் இங்கயேதான் உட்கார்ந்திருக்கேன். அடுத்த வாய் எடு.”

அழுகிறாள். பத்து நிமிடம் போகிறது. அம்மா குரலை உயர்த்தவில்லை, இட்லியின் எண்ணிக்கையைக் குறைக்கவும் இல்லை. அப்பா எதிரில் உட்கார்ந்து நாளைக்கு மாமா வரும் பஸ்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டே தன் இட்லியைச் சாப்பிடுகிறார். இடையிடையே, அதே குரலில், “அடுத்த வாய்டா.”

இதில் நுட்பம் ஒன்று இருக்கிறது. “நீ குண்டாக மாட்டே” என்று அம்மா சமாதானம் சொல்லவில்லை. சொன்னால் நிமிடத்துக்கு ஒருமுறை அதே உறுதிமொழியைக் கேட்பாள், பயம் குறையாது. உடம்பைப் பற்றிய விவாதமே மேசையில் நடக்கக் கூடாது. பயத்தை ஒப்புக்கொள்வது, உணவில் தளராமல் நிற்பது, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லப் பழகுவதுதான் கெஞ்சலுக்கும் மிரட்டலுக்கும் நடுவே உள்ள இடம். முதல் இரண்டு மூன்று வாரம் கத்தல் கூடத்தான் செய்யும். வழி தவறு என்று நினைத்து அந்த வாரங்களில்தான் பல வீடுகள் கைவிட்டுவிடுகின்றன.

பெற்றோர் ஒரே வாக்காக நிற்க, ஒவ்வொரு நாளும் மகள் இல்லாத இடத்தில் பத்து நிமிடம் பேசி முடிவெடுங்கள். “பாவம், இன்னைக்கு ஒருநாள் விடுங்களேன்” என்று பாட்டி குறுக்கிட்டால் அவருக்கு மேசைக்கு வெளியே உங்கள் திட்டத்தை விளக்குங்கள். அக்கா, தம்பிக்குக் காவல் வேலை கொடுக்காதீர்கள். அவர்கள் அவளோடு சேர்ந்து சிரித்தால் மட்டும் போதும். நோய்க்கு வளைந்து கொடுக்கும் சின்னச் சின்ன ஏற்பாடுகளையும் ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும்: அவளுக்கென்று எண்ணெயில்லாத தனிக் குழம்பு, அவள் சொன்னால் மட்டும் வாங்கும் ஒரே பிராண்டு ஓட்ஸ், அவள் விடமாட்டாள் என்பதால் வீடே ஹோட்டலுக்குப் போகாமலிருப்பது.

புலிமியாவில் சில மாற்றங்கள்

இங்கே எதிரி இரகசியமும் வெட்கமும். அலமாரியில் காலிப் பொட்டலங்களைக் கண்டதும் எல்லோர் முன்னிலும் கொட்டிக் காட்டாதீர்கள். கட்டுமீறிய உண்ணுதல் பெரும்பாலும் முந்தைய பட்டினியிலிருந்து பிறக்கிறது: காலையும் மதியமும் தவிர்த்த உடல் இரவில் பழிவாங்குகிறது. நேற்று அதிகம் சாப்பிட்டதற்கு இன்று பட்டினி என்றால் நாளை இரவு அதே கதைதான். ஆகவே நேற்று என்ன நடந்திருந்தாலும் இன்றைய காலைச் சாப்பாடு நேரத்துக்கு நடக்க வேண்டும். வாந்தி எடுத்துவிட்டால் உடனே பல் தேய்க்காமல் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லுங்கள். அமிலம் பட்ட எனாமலைத் தேய்ப்பு இன்னும் அரிக்கும். அடிக்கடி வாந்தி எடுப்பவருக்குப் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறலாம், அதனால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

மகளுக்கு இருபத்திரண்டு வயது என்றால்

பதினைந்து வயதுப் பெண்ணுக்குச் செய்வதை அப்படியே இவளுக்குச் செய்ய முடியாது. ஹாஸ்டலிலோ வேலையிலோ இருக்கிறாள், சிகிச்சைக்கு அவள் சம்மதம் வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோஃபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய தனிநபர் சிகிச்சை இந்த வயதினருக்கு அதிகம் பயன்படுகிறது. பொதுவாக இருபது வாரம், எடை மிகக் குறைந்திருந்தால் நாற்பது வாரம் வரை. குடும்பத்தின் வேலை இங்கே ஒப்பந்தம் போடுவது. எந்த வேளைகளில் வீடியோ காலில் சேர்ந்து சாப்பிடுவது, வார இறுதியில் வீட்டுக்கு வரும்போது என்ன சமைப்பது, எந்த எல்லையைத் தாண்டினால் விடுப்பு எடுத்து வீட்டுக்கு வருவது என்பதையெல்லாம் அமைதியான ஒரு நாளில் அவளோடு உட்கார்ந்து எழுதிவைக்க வேண்டும். தேர்வும் வேலையும் பின்னால் போகலாம்.

கல்யாணப் பேச்சு நடக்கும் வீடு என்றால் அதை ஒத்திவையுங்கள். “கல்யாணமானா சரியாயிடும்” என்பது பலித்ததில்லை. பெண்பார்க்கும் படலத்தில் உடம்பைப் பற்றி விழும் ஒவ்வொரு சொல்லும் நோய்க்கு எரிபொருள்.

சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. “எப்படி இளைச்சுட்டே” என்பது அவள் காதில் வெற்றிச் செய்தி. “இப்பதான் நல்லா பூசினாப்புல இருக்கே” என்பது மறுநாள் பட்டினிக்கு உத்தரவு. “முகம் தெளிஞ்சிருக்கு” என்பதுகூட அந்தச் சமயத்தில் ‘குண்டாயிட்டே’ என்றே கேட்கும். அத்தையிடம், “அவ உடம்பைப் பத்தி நல்லதோ கெட்டதோ எதுவும் பேச வேண்டாங்க, படிப்பைப் பத்திக் கேளுங்க” என்று போனில் சொல்லிவிடலாம். அப்படியும் யாராவது சொல்லிவிட்டால் அங்கேயே பேச்சை மாற்றுங்கள், வீட்டுக்கு வந்தபின் அவளிடம் அதை ஒப்புக்கொள்ளுங்கள்.

பொறுப்பைத் திருப்பித் தருவது

எடை இயல்புக்கு அருகில் வந்து, மேசையில் சண்டை ஓய்ந்தபின் இரண்டாம் கட்டம் தொடங்கும். சாவியை மொத்தமாகக் கையில் கொடுத்துவிடக் கூடாது. முதலில் மாலைச் சிற்றுண்டியை அவளே எடுத்துவைக்கட்டும், நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள். இரண்டு வாரம் எடை நிலைத்தால், கல்லூரியில் மதியச் சாப்பாட்டைத் தோழியோடு சாப்பிடட்டும். பிறகு இரவுத் தட்டில் அவளே போட்டுக்கொள்ளட்டும்; போதவில்லை என்றால், “இன்னும் ஒரு கரண்டி வேணும்டா” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எடை இறங்கினால் கடைசியாகக் கொடுத்த பொறுப்பை மட்டும் திட்டாமல் திரும்ப வாங்கிக்கொண்டு, சில வாரம் கழித்து மறுபடி கொடுங்கள். காய்ச்சல், தேர்வு, வீடு மாறுவது, காதல் முறிவு போன்ற வாரங்களில் தட்டின் மேல் ஒரு கண் இருக்கட்டும். மூன்றாம் கட்டத்தில் பேச்சு சாப்பாட்டைவிட்டு நகர்ந்து, நோயால் அவள் தவறவிட்டவற்றுக்குத் திரும்பும்: நட்பு, படிப்பு, தனியே ஊருக்குப் போவது, அப்பாவிடம் பயமில்லாமல் கோபப்படுவது.